சவப்பெட்டி செய்த சாமியார்

இரவு நேரம். மூன்று பக்கம் கடல். நாலாவது பக்கம் வானத்தை முட்டும் மலைச்சுவர். நடுவே ஒரு கல்லறைத் தோட்டம்.

அந்தத் தோட்டத்தில் ஒரு மனிதர் தனியாக உலாவுகிறார். கையில் ஜெபமாலை. உதடுகள் மெல்ல அசைகின்றன. ஒவ்வொரு கல்லறையாகக் கடந்து போகிறார். எந்தக் கல்லறையில் யார் படுத்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். அந்தச் சவப்பெட்டிகளில் பலவற்றுக்குப் பலகை அறுத்தவர் அவர். ஆணி அடித்தவர் அவர். குழி வெட்டியவரும் அவரே.

அவருக்குப் பயம் இல்லையா? இல்லை. அந்த உலாவல்தான் தம்முடைய பெரிய சந்தோஷம் என்று தாய்நாட்டில் இருந்த அண்ணனுக்கு அவர் கடிதம் எழுதினார். அங்கே படுத்திருந்தவர்களை முடிந்துபோனவர்களாக அவர் எண்ணவில்லை. முடிவில்லாத வாழ்வில் நுழைந்துவிட்ட தம் பிள்ளைகளாக எண்ணினார்.

அவர்தான் தமியான். பசிபிக் மகா சமுத்திரத்தில் உள்ள ஹவாய்த் தீவுகளில், தொழுநோயாளிகளை ஒதுக்கிவைத்த மொலோக்காய் தீவில், 16 ஆண்டுகள் அவர்களோடு வாழ்ந்து, அவர்களில் ஒருவராகவே இறந்த கத்தோலிக்கப் பாதிரியார்.

இறந்தவர்கள் மறுபடியும் எழுவார்கள் என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. சிலுவையில் இறந்த ஏசுநாதர் மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார். அவரைப் போலவே மனிதரும் உடலோடு எழுவார்கள் என்று அவர்கள் நம்புகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் கோயிலில் இதை வாயால் சொல்பவர்கள் கோடிக்கணக்கானவர்கள். திங்கட்கிழமை காலையில் எழுந்து, அதை நம்பி வாழ்வது எப்படி? தமியானின் வாழ்க்கை இந்தக் கேள்விக்கு ஒரு பதில்.

தானியம் விற்க வேண்டிய பிள்ளை

பெல்ஜியம் நாட்டில் லூவேன் நகரத்துக்குப் பக்கத்தில் திரமலோ என்று ஒரு கிராமம். அங்கே 1840ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 3ந் தேதி அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் டி வூஸ்டர். தகப்பனார் விவசாயி, தானிய வியாபாரமும் செய்தார். வீட்டில் பிள்ளைகள் அதிகம். பக்தியும் அதிகம்.

ஜோசப் நல்ல உடற்கட்டு உள்ள பையன். மூட்டை தூக்குவான். வண்டி ஓட்டுவான். வியாபாரத்தை இவனிடம் ஒப்படைக்கலாம் என்பது தகப்பனார் கணக்கு. அதற்குப் பிரெஞ்சு மொழி தெரிய வேண்டும் என்று வெளியூருக்குப் படிக்க அனுப்பினார். பையன் மனமோ வேறு பக்கம் திரும்பியது. அண்ணன் ஏற்கெனவே லூவேனில் ஒரு மடத்தில் சேர்ந்து, பாம்பீல் என்ற பெயரோடு துறவி ஆகியிருந்தார். 1859ஆம் ஆண்டின் தொடக்கத்தில், 19 வயதில், ஜோசப்பும் அதே மடத்தின் படியை மிதித்தார்.

அது திரு இருதயங்களின் சபை. அங்கே அவருக்குத் தமியான் என்று பெயர் வைத்தார்கள். தமியான் என்பது பழங்காலத்தில் வாழ்ந்த ஒரு வைத்தியப் புனிதரின் பெயர். பின்னால் நடக்கப்போவதை யாரும் அப்போது அறியவில்லை.

லத்தீன் தெரியாதவர் குருவாக முடியாது என்று முதலில் மடத்தார் நினைத்தார்கள். அண்ணனிடம் கொஞ்சம் கொஞ்சமாக லத்தீன் கற்றுக்கொண்டு, அந்தத் தடையைத் தமியான் தாண்டினார்.

கறுப்புத் துணிக்கு அடியில்

1860ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 7ந் தேதி பாரிஸ் நகரில் அவர் துறவற வாக்குக் கொடுத்தார். அந்தச் சபையில் அதற்கு ஒரு சடங்கு உண்டு. வாக்குக் கொடுப்பவர் பீடத்தின் முன் தரையில் குப்புறப் படுக்க வேண்டும். சவத்தின் மேல் விரிக்கும் துணியை அவர் மேல் விரிப்பார்கள். பழைய மனிதன் இறந்துவிட்டான், புதிய மனிதன் எழுகிறான் என்பது அதன் பொருள்.

20 வயது இளைஞர். அந்தத் துணிக்கு அடியில் சில நிமிடங்கள் அசையாமல் கிடந்தார். பிறகு எழுந்தார்.

இப்படிப் படுத்து எழுந்தவர்கள் எத்தனையோ பேர். பலருக்கு அது ஒரு சடங்கு, அன்றோடு சரி. தமியான் அதை மறக்கவில்லை. 13 ஆண்டுகள் கழித்து, தொழுநோயாளிகளிடம் போக முன்வந்ததற்குக் காரணம் எழுதியபோது, அந்தத் துணியைத்தான் அவர் நினைவுகூர்ந்தார். ஒரு தடவை இறந்தவனுக்கு மறுபடியும் என்ன பயம்? இதுதான் அவர் கண்ட கணக்கு.

அண்ணனுக்குப் பதில் தம்பி

1863இல் ஹவாய்த் தீவுகளுக்குச் சில துறவிகளை அனுப்ப சபை முடிவு செய்தது. பட்டியலில் அண்ணன் பாம்பீல் பெயர் இருந்தது. புறப்படும் சமயத்தில் அவருக்குக் கடும் காய்ச்சல் வந்தது. அவருக்குப் பதில் நான் போகிறேன் என்று தமியான் சபையின் தலைவருக்கு நேரே கடிதம் எழுதிவிட்டார். அப்போது அவர் குருப்பட்டம் கூடப் பெறவில்லை. ஆனாலும் அனுமதி கிடைத்தது.

ஜெர்மனியின் பிரேமர்ஹாவன் துறைமுகத்தில் கப்பல் ஏறினார். தென் அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டு நீண்ட கடல் யாத்திரை. 1864ஆம் ஆண்டு மார்ச் மாதம் 19ந் தேதி ஹொனலூலுவில் இறங்கினார். மே 21ந் தேதி அங்குள்ள கோயிலில் குருப்பட்டம் பெற்றார். பெற்றோரை அவர் மறுபடி பார்க்கவே இல்லை.

அடுத்த 9 ஆண்டுகள் ஹவாய் என்றே பெயர் கொண்ட பெரிய தீவில் வேலை. எரிமலையும் காடும் நிறைந்த இடம். கால்நடையாகவும் குதிரை மேலும் ஊர் ஊராகச் சுற்றினார். மக்களின் மொழியைக் கற்றார். சிறு கோயில்களைத் தாமே கட்டினார். மரம் சுமப்பதும் இழைப்பதும் ஆணி அடிப்பதும் அவருக்குப் பிடித்த வேலைகள். அந்தத் தச்சு வேலையைத்தான் பிற்காலம் அவரிடம் கேட்டு வாங்கியது.

சட்டம் இல்லாத ஊர்

வெளிநாட்டுக் கப்பல்கள் வந்த பிறகு ஹவாய் மக்களிடையே பல புது நோய்கள் பரவின. அவற்றில் ஒன்று தொழுநோய். அப்போது அதற்கு மருந்து கிடையாது. 1865ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 3ந் தேதி, தமியானுக்கு 25 வயது நிறைந்த அதே நாளில், நோயாளிகளைப் பிரித்துவைக்கும் சட்டத்துக்கு அரசர் ஐந்தாம் கமேஹமேஹா ஒப்புதல் அளித்தார்.

மொலோக்காய் தீவின் வடகரையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நிலத்துண்டை அதற்குத் தேர்ந்தெடுத்தார்கள். பின்புறம் 2,000 அடிக்கு மேல் செங்குத்தான மலை. தப்பிப் போக வழி இல்லை. 1866ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 6ந் தேதி முதல் கூட்டம் இறக்கப்பட்டது. 9 ஆண்கள், 3 பெண்கள். பிறகு கப்பல் கப்பலாக ஆட்கள் வந்தார்கள். கணவனைப் பிரிந்த மனைவி, தாயைப் பிரிந்த பிள்ளை. சில மனைவிமார் மட்டும் பிரிய மறுத்து, நோய் இல்லாமலே கூட வந்தார்கள். அந்த நிலத்துக்குப் போனவர் திரும்புவதில்லை. அதனால் கப்பல் ஏறும்போதே சாவு வீட்டு அழுகை கேட்டது.

உயிரோடு இருக்கும்போதே செத்தவர்களாக எண்ணப்பட்டவர்கள் எப்படி வாழ்வார்கள்? இந்த இடத்தில் சட்டம் கிடையாது என்பதே கலாவாவோ கிராமத்தின் வழக்குச் சொல்லாக இருந்தது. வலுத்தவன் வலுவற்றவனிடமிருந்து பிடுங்கினான். கிழங்கிலிருந்து சாராயம் காய்ச்சினார்கள். அநாதைக் குழந்தைகளுக்குக் கேட்பார் இல்லை. இறந்தவர்களில் பலருக்குப் பெட்டியும் இல்லை, ஆழமான குழியும் இல்லை. பன்றிகளும் நாய்களும் மண்ணைக் கிளறின.

எல்லோரும் அப்படி இருந்தார்கள் என்று சொல்வதும் தவறு. அந்த வேதனைக்கு நடுவே 1866லேயே நோயாளிகளில் சிலர் கூடி, சிலோவாமா என்ற புராட்டஸ்டண்டு சபையை ஏற்படுத்தினார்கள். மார்மன் சபையைச் சேர்ந்த நப்பேலா என்பவர், தமியான் வந்த அதே 1873இல், நோயுற்ற மனைவியை விட்டுப் பிரிய மனம் இன்றிக் கூடவே வந்து வாழ்ந்தார். மதம் வேறானாலும் அவரும் தமியானும் நண்பர்கள் ஆனார்கள்.

தாழை மரத்தடியில்

1873ஆம் ஆண்டு மே மாதம். மவுயி தீவில் ஒரு புதுக் கோயில் திறப்பு விழாவுக்குக் குருமார் கூடியிருந்தார்கள். மொலோக்காயிலிருந்து பூசைக்கு ஒரு குரு வேண்டும் என்று வேண்டுகோள் வந்திருந்தது. போகச் சொல்லி எவருக்கும் கட்டளையிட பிஷப் மெய்க்ரேக்கு மனம் வரவில்லை. நான்கு இளங்குருக்கள் தாமாக முன்வந்தார்கள். மாறி மாறிச் சில மாதங்கள் இருப்பதாக ஏற்பாடு. முதலில் போனவர் தமியான். அவருக்கு மாற்று ஆள் தேவைப்படவே இல்லை.

மே 10ந் தேதி, மாடுகளையும் புதிய நோயாளிகளையும் ஏற்றிவந்த கப்பலில் பிஷப்போடு அவர் கரை இறங்கினார். அப்போது அவருக்கு 33 வயது. பிஷப் திரும்பிப் போனார். தமியான் தங்கினார். தங்க வீடு இல்லை. கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு தாழை மரம் நின்றது. அதன் அடியிலே பல நாள் இரவைக் கழித்தார்.

முதல் நாட்கள் கொடியவை. அழுகிய புண்களின் நாற்றம் தாங்காமல், பூசை நடுவிலே கோயிலை விட்டு ஓடிவிடலாமா என்று தோன்றும். நாற்றத்தைத் தாங்கிக்கொள்ளச் சுங்கான் புகைக்கப் பழகினார். ஆனால் முகத்தைத் திருப்பவில்லை. புண்களைக் கழுவிக் கட்டுப் போட்டார். அவர்களோடு ஒரே பாத்திரத்தில் கை வைத்து உண்டார். பிரசங்கத்தில் தொழுநோயாளிகளாகிய நாம் என்றே பேசினார். நோய் தம்மைப் பற்றிய பிறகே ஒரு நாள் திடீரென்று அப்படிச் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. உண்மை அதைவிடப் பெரியது. நோய் தொடுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, வந்த முதல் ஆண்டிலேயே, அவர் அப்படித்தான் பேசினார்.

பெட்டியும் வேலியும்

தமியான் தொடங்கிய முதல் வேலைகளில் ஒன்று செத்தவர்களுக்கானது. கல்லறை நிலத்தைச் சுற்றி வேலி போட்டார். பலகை வாங்கிச் சவப்பெட்டி செய்தார். ஆண்டுக்கு ஏறக்குறைய 200 பேர் இறந்த காலம் அது. வாரத்துக்கு மூன்று நான்கு பெட்டிகள். காலையில் பூசை. பிறகு நோயாளிகளைப் பார்ப்பது. பிறகு ரம்பம், சுத்தியல், மண்வெட்டி.

உயிரோடு இருப்பவர்களுக்கே ஒன்றும் இல்லாத இடத்தில், செத்தவனுக்குப் பலகை எதற்கு என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் அவருடைய நம்பிக்கை வேலை செய்தது. உடம்பு வெறும் கூடு, உயிர் போனால் குப்பை என்று அவர் நினைத்திருந்தால், குழி தோண்டி மூடியிருப்பார். இந்த உடம்பே ஒரு நாள் எழும் என்று நம்பியவர் அவர். விரல் உதிர்ந்த கை, மூக்கு மழுங்கிய முகம், ஊரார் பார்க்கக் கூசிய அந்த உடம்பு, கடவுள் மறுபடி எழுப்பப்போகும் உடம்பு. அதைப் பன்றிக்கு விடலாமா?

செத்த உடம்புக்கே அவ்வளவு மரியாதை என்றால், உயிரோடு இருக்கும் உடம்புக்கு எவ்வளவு? ஊரார் அதைப் புரிந்துகொண்டார்கள். நாம் செத்தால் நம்மையும் ஒருவர் பெட்டியில் வைத்து, மேளம் கொட்டி, பாட்டுப் பாடி எடுத்துப்போவார் என்ற எண்ணம் வந்தபோது, அதுவரையில் வாழ்கிற நாளையும் மனிதனாக வாழ வேண்டும் என்ற எண்ணமும் வந்தது.

அடக்கத்துக்கென்று ஒரு சங்கம் ஏற்பட்டது. வாத்தியக் கோஷ்டி வைத்தார்கள். பாடகர் குழு வைத்தார்கள். விரல்கள் குறைந்த இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, இருவர் விரல்களையும் சேர்த்து ஒரே ஆர்மோனியத்தை வாசித்தார்கள் என்று சொல்வார்கள். சாவு ஊர்வலம் அந்த ஊருக்கே ஒரு திருவிழாவைப் போல ஆயிற்று. அழுகை இல்லாமல் இல்லை. ஆனால் அது கதியற்றவர்களின் அழுகையாக இல்லை.

தமியானின் வீடும் கோயிலும் கல்லறையும் ஒரே வேலிக்குள் அடுத்தடுத்து இருந்தன. இரவில் அந்தத் தோட்டத்துக்குக் காவல்காரர் அவர் ஒருவரே.

குழாய்த் தண்ணீர்

மறு உலகத்தை நம்புகிறவர் இந்த உலகத்தை மறந்துவிடுவார் என்று சொல்பவர்கள் உண்டு. தமியான் விஷயத்தில் அது பொய்யாயிற்று. மறு உலகத்தைப் பற்றிப் பேசிய அதே வாயால் அவர் குழாய் கேட்டார், பலகை கேட்டார், துணி கேட்டார், மருந்து கேட்டார். சுகாதார அதிகாரிகளுக்கு ஓயாமல் கடிதம் எழுதினார். இந்தப் பாதிரியாரின் தொந்தரவு தாங்க முடியவில்லை என்று அவர்கள் அலுத்துக்கொள்ளும் அளவுக்கு எழுதினார்.

கலாவாவோவில் தண்ணீருக்குப் பெரிய கஷ்டம். கால் அழுகியவர்கள் தூரத்திலிருந்து தகரங்களில் சுமந்துவர வேண்டும். புண் கழுவத் தண்ணீர் ஏது? தமியான் பள்ளத்தாக்கில் ஏறிப்போய் வற்றாத ஊற்றைத் தேடிக் கண்டுபிடித்தார். அரசாங்கம் குழாய்களை அனுப்பியது. உடல் வலு இருந்த நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டு அவரே குழாய் பதித்தார். கிராமத்துக்குத் தண்ணீர் வந்தது.

1874இல் ஒரு பெரும் காற்று புல் குடிசைகளைச் சாய்த்துவிட்டது. நோயாளிகள் மழையில் கிடந்தார்கள். அதையே சாக்காக வைத்து மரம் வரவழைத்தார். தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய மர வீடுகள் எழுந்தன. அநாதைப் பையன்களுக்கு ஒரு விடுதி, பெண் குழந்தைகளுக்கு ஒரு விடுதி. தோட்டம் போட்டார்கள். வீடுகளுக்கு வெள்ளை அடித்தார்கள். நாளை இல்லை என்று நினைப்பவன் வீட்டுக்கு வெள்ளை அடிப்பதில்லை. செடி நடுவதும் இல்லை. அந்த ஊரில் நாளை என்ற சொல் மறுபடியும் பிறந்தது.

படகிலிருந்து பாவசங்கீர்த்தனம்

அவர் இரும்பு மனிதரா? அல்ல. தனிமை அவரைத் தின்றது. கத்தோலிக்கர் தம் பாவங்களை ஒரு குருவிடம் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் வேறு குரு இல்லை. வெளியே போய்வரவும் தடை விதித்தார்கள். சபையின் மூத்த குரு ஒருவர் அவரைப் பார்க்கக் கப்பலில் வந்தார். அவரைக் கரையில் இறங்கவிடக் கப்பல் தலைவர் மறுத்தார். தமியானைக் கப்பலில் ஏறவும் விடவில்லை. தமியான் ஒரு சிறு படகில் நின்றபடி, கப்பலின் மேல்தட்டில் நின்ற குருவுக்குக் கேட்கும்படி தம் பாவங்களைப் பிரெஞ்சு மொழியில் உரக்கச் சொன்னார். அலை இரைச்சலுக்கு நடுவே மன்னிப்பைப் பெற்றுக்கொண்டு கரைக்குத் திரும்பினார்.

குறைகளும் அவருக்கு இருந்தன. முன்கோபம் உண்டு. பிடிவாதம் உண்டு. மேலதிகாரிகளோடு மனக்கசப்பு உண்டு. உதவிக்கு வந்த மற்றக் குருமாரோடும் ஒத்துப்போக முடியாத காலம் இருந்தது.

புகழும் வந்தது. 1881ஆம் ஆண்டு செப்டம்பரில் இளவரசி லிலியுவோகலானி மொலோக்காய்க்கு வந்தார். கூடியிருந்த நோயாளிகளைப் பார்த்ததும் கண்ணீர் பெருகி அவரால் பேச முடியவில்லை. திரும்பிப் போன பிறகு தமியானுக்கு ஒரு வீரப்பட்டமும் பதக்கமும் அளிக்க ஏற்பாடு செய்தார். பதக்கத்தைத் தமியான் பெட்டிக்குள் வைத்துவிட்டு ரம்பத்தை எடுத்துக்கொண்டார்.

சுடாத சுடுநீர்

1884ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். ஒரு நாள் களைப்புத் தீரக் கால்களை வெந்நீரில் வைத்தார். தோல் கொப்பளித்துவிட்டது. கொதிக்கும் நீர் என்பது அதைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. காலில் வலியே இல்லை!

தொழுநோய் முதலில் உணர்ச்சியைத்தான் கொல்லும். அது அவருக்குத் தெரியும். அடுத்த ஆண்டு டாக்டர் ஆர்னிங் என்பவர் சோதித்து நோயை உறுதி செய்தார்.

அதன் பிறகு தமியான் என்ன செய்தார்? படுத்துவிட்டாரா? அவருடைய வேலை இரு மடங்கு ஆயிற்று. காலம் குறைவு, கோயிலைப் பெரிதாக்க வேண்டும், பிள்ளைகளுக்கு விடுதி விரிவாக்க வேண்டும் என்று பறந்தார். முகம் வீங்கியது, காது தடித்தது, கை புண்ணாயிற்று. அந்தக் கையோடு கூரை மேல் ஏறினார்.

மனம் எப்போதும் தெளிவாக இருந்தது என்று சொல்ல முடியாது. சோர்வு அவரைப் பிடித்தது. தாம் சொர்க்கத்துக்குத் தகுதி உள்ளவரா என்ற சந்தேகமும் அவரை வாட்டியது. நூற்றுக்கணக்கான படுக்கைகளின் அருகே நின்று மற்றவர்களுக்கு நம்பிக்கை ஊட்டியவருக்கே இந்தச் சந்தேகம்! நம்பிக்கை என்பது ஒரு தடவை கிடைத்துப் பெட்டியில் பூட்டிவைக்கும் நகை அல்ல என்பதை இது காட்டுகிறது. அன்றைய நாளுக்கு அன்றைக்குச் சம்பாதிக்க வேண்டிய கூலி அது. தமியான் அதைக் கல்லறை நடுவே ஜெபமாலை உருட்டியும், பலகை அறுத்தும் சம்பாதித்தார்.

உதவிக்கு ஆட்கள் வந்தார்கள். 1886இல் அமெரிக்காவிலிருந்து ஜோசப் டட்டன் வந்தார். உள்நாட்டுப் போரில் பணியாற்றிய முன்னாள் ராணுவத்தார். 1931இல் இறக்கும் வரையில் அவர் நோயாளிகளுக்கு உழைத்தார். 1888 நவம்பரில் மதர் மரியான் தம் கன்னியாஸ்திரீகளோடு வந்து பெண்பிள்ளைகளைப் பொறுப்பேற்றார். அதே ஆண்டு டிசம்பரில் எட்வர்ட் கிளிஃபோர்ட் என்ற ஆங்கில ஓவியர் வந்தார். இந்தியாவில் தொழுநோயாளிகளைப் பார்த்துவிட்டு வந்தவர் அவர். கையில் அந்தமானில் பெயர் பெற்ற குர்ஜன் எண்ணெயும் கொண்டுவந்தார். எண்ணெய் குணப்படுத்தவில்லை. ஆனால் தமியானின் முகத்தை அவர் தீட்டிய படம் உலகத்துக்குக் கிடைத்தது.

ஈஸ்டருக்கு முந்திய வாரம்

1889ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் தமியான் படுக்கையில் விழுந்தார். தரையிலே வைக்கோல் மெத்தை. மற்றவர்கள் கெஞ்சிக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். வேலையை ஏற்க ஆட்கள் வந்துவிட்டார்கள் என்ற நிம்மதி அவருக்கு இருந்தது. சந்தேகங்களும் அடங்கியிருந்தன. இந்த ஆண்டு ஈஸ்டரைத் தம் ஆண்டவரோடு கொண்டாடப்போவதாக அவர் சொல்லிவந்தார்.

ஈஸ்டர் என்பது ஏசுநாதர் உயிர்த்தெழுந்த நாள். அந்த ஆண்டு அது ஏப்ரல் 21ந் தேதி. ஏப்ரல் 15ந் தேதி, புனித வாரத்தின் திங்கட்கிழமை காலையில், தமியான் கண்ணை மூடினார். அவருக்கு வயது 49.

அவர் விரும்பியபடியே அவரைத் தாழை மரத்தடியில் அடக்கம் செய்தார்கள். வந்த நாளில் எந்த மரத்தின் கீழ் படுத்தாரோ, அதே மரம். அவர் ஏற்படுத்திய முறைப்படியே பாட்டும் வாத்தியமுமாக, அவர் வளர்த்த பிள்ளைகள் கூட வந்தார்கள்.

இறந்த பிறகும் அவருக்கு அமைதி இல்லை. அதே ஆண்டு ஹொனலூலுவிலிருந்த டாக்டர் ஹைடு என்ற போதகர், தமியானை நாகரிகம் இல்லாதவர், பிடிவாதக்காரர், ஒழுக்கம் அற்றவர் என்று இகழ்ந்து எழுதிய கடிதம் அச்சில் வந்துவிட்டது. புதையல் தீவு கதையை எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் கொதித்தெழுந்தார். தமியான் இறந்து ஒரு மாதத்தில் மொலோக்காய்க்குப் போய்த் தங்கி, நோயாளிகளிடமே விசாரித்துவந்தவர் அவர். 1890இல் ஹைடுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். தமியானுக்கு உண்மையில் இருந்த குறைகளை அவர் மறைக்கவில்லை. ஒழுக்கத்தைப் பற்றிய பழியை மறுத்தார். மற்றவர்கள் நல்ல வீடுகளில் உட்கார்ந்திருந்தபோது சாவின் நடுவே போய் நின்றவர் யார் என்று கேட்டார். தமியான் கத்தோலிக்கர், ஸ்டீவன்சன் அந்தச் சபையைச் சேராதவர் என்பதும் குறிப்பிடத் தக்கது.

திரும்பி வந்த கை

தமியான் மொலோக்காயில் கால் வைத்த அதே 1873இல், நார்வே நாட்டில் ஹான்சன் என்ற டாக்டர் தொழுநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தார். ஆனால் நல்ல மருந்து கிடைக்க எழுபது ஆண்டுகள் ஆயின. 1969இல்தான் ஹவாயில் பிரித்துவைக்கும் சட்டம் ஒழிந்தது. அதற்குள் ஏறக்குறைய 8,000 பேர் அந்த நிலத்துக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தது. இன்று தொழுநோய் முழுக்கக் குணமாகும் நோய். காலத்தோடு மருந்து சாப்பிட்டால் உறுப்புக் கெடாது. ஒதுக்கிவைக்க அவசியமும் இல்லை.

1936இல் பெல்ஜியம் அரசாங்கம் தமியானின் உடலைக் கேட்டு வாங்கியது. மெர்கேட்டர் என்ற கப்பலில் உடல் தாய்நாடு சேர்ந்தது. துறைமுகத்தில் அரசர் நேரில் வந்து மரியாதை செய்தார். லூவேனில் கல்லறை கட்டினார்கள். மொலோக்காய் மக்களுக்கோ இது பெரிய துக்கம். தங்கள் சாமியார் தங்களோடு எழுந்திருக்க வேண்டியவர் அல்லவா?

அந்தக் குறை 1995இல் ஓரளவு தீர்ந்தது. அந்த ஆண்டு ஜூன் மாதம் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால், தமியானுக்கு முத்திப்பேறு பெற்றவர் என்ற பட்டம் அளித்தார். அதன் பிறகு, அவருடைய வலது கையின் எலும்புகளை மட்டும் மொலோக்காய்க்குக் கொண்டுவந்து, பழைய கல்லறையிலேயே புதைத்தார்கள். 2009ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 11ந் தேதி ரோமாபுரியில் அவர் புனிதர் என்று அறிவிக்கப்பட்டார்.

மொலோக்காய்க்குத் திரும்பி வந்தது எந்தக் கை? ஊரார் தொட மறுத்த புண்களைத் தொட்ட கை. குழாய் பதித்த கை. வேறு யாரும் செய்ய முன்வராத பெட்டிகளுக்கு ஆணி அடித்த கை. செத்தவர் எழுவார் என்று தமியான் நம்பினார். நம்பிவிட்டுச் சும்மா காத்திருக்கவில்லை. உயிரோடு செத்துக் கிடந்த ஒரு ஊரை அதற்கு முன்பே எழுப்பிவிடப் பாடுபட்டார். இன்று அந்தக் கை, அவருடைய பிள்ளைகள் நடுவே, அந்தக் கல்லறை நிலத்தில் உறங்குகிறது.